மருந்துகளோடும் மருத்துவக் கஞ்சாவோடும் விமானப் பயணம்: எந்த மேஜையில் எதைப் பார்ப்பார்கள்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முதுகுத்தண்டுப் பிரச்சினையால் நாள்பட்ட வலி. ப்ரீகாபலினும் டிராமடாலும் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாநில அரசு கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டையும் கையில் இருக்கிறது. முதலில் அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு மாநிலத்துக்கும், பிறகு துபாய் வழியாக வெளிநாட்டுக்கும் போக வேண்டும். எதை எப்படிக் கொண்டுபோவது, எதை விட்டுவிட்டுப் போவது?

மாத்திரைகளையும் இன்சுலினையும் கொண்டுபோகலாம். ஆனால் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும், சில நாடுகளுக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். கஞ்சாவை, அது பூவோ எண்ணெயோ கம்மியோ (கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய்) வேப் கார்ட்ரிட்ஜோ (மின்சிகரெட்டில் போடும் எண்ணெய்க் குப்பி), நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துப் போகவே கூடாது. அமெரிக்காவுக்குள் பறக்கும்போதுகூட அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

பெரும்பாலானவர்கள் பயப்படுவது ஸ்கேனருக்கு. உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அது அல்ல. ஒரு பயணத்தில் உங்கள் மருந்துப் பையை மூன்று வெவ்வேறு அதிகாரிகள் பார்க்கக்கூடும். பாதுகாப்புச் சோதனை ஊழியர் தேடுவது வெடிபொருளையும் ஆயுதத்தையும். இறங்கிய இடத்தில் நிற்கும் கஸ்டம்ஸ் அதிகாரி, இந்த மருந்து எங்கள் நாட்டுக்குள் வரலாமா, இவ்வளவு வரலாமா என்று பார்க்கிறார். இமிக்ரேஷன் அதிகாரி பார்ப்பது மருந்தை அல்ல, உங்களை. முதல் ஆள் விட்டுவிட்டார் என்பது மற்ற இருவருக்கும் ஒரு பொருட்டே இல்லை. ஸ்கேனரைத் தாண்டியதும் நிம்மதியாக மூச்சு விட்டவர்கள்தான் இறங்கிய ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் எளிதான மேஜை, அதாவது பாதுகாப்புச் சோதனை. அமெரிக்காவில் இதைச் செய்வது டிஎஸ்ஏ. மாத்திரை, கேப்சூல் போன்ற திட மருந்துகளுக்கு அவர்களிடம் அளவுக் கட்டுப்பாடே கிடையாது; ஸ்கேனரில் போனால் போதும். மருந்து அசல் டப்பாவில்தான் இருக்க வேண்டும் என்றும் டிஎஸ்ஏ கட்டாயப்படுத்துவதில்லை. லேபிள் இருந்தால் நல்லது என்று மட்டும் சொல்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் எல்லா மாத்திரைகளையும் வாரப் பெட்டியில், அதாவது கிழமைவாரியாக அறை பிரித்த டப்பாவில், கொட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். லேபிள் பற்றிய சட்டம் மாநிலங்களிடம் இருக்கிறது, வெளிநாட்டில் அந்தந்த நாட்டிடம் இருக்கிறது. டிராமடால் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதாவது போதைக்குப் பயன்படலாம் என்று சட்டம் கண்காணிக்கும் மருந்து, பெயரில்லாத பெட்டியில் கிடந்தால், அது உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதுதான் என்பதற்கு அந்த இடத்தில் எந்தச் சான்றும் இல்லை.

திரவ மருந்துக்கு 100 மில்லி வரம்பு கிடையாது. லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட திட்டம் 2006 ஆகஸ்டில் அம்பலமான பிறகு வந்த விதி அது. மருந்துக்கு விலக்கு உண்டு. பயணத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவைக் கொண்டுபோகலாம். ஆனால் ஸ்கேனருக்குள் பையைத் தள்ளுவதற்கு முன்பே நீங்களாகச் சொல்ல வேண்டும்: "இதில் 100 மில்லிக்கு மேல் திரவ மருந்து இருக்கிறது" என்று. மற்ற திரவங்களோடு கலக்காமல், தனியே எடுத்துத் தட்டில் வையுங்கள். சொல்லாமல் விட்டு, திரையில் அவர்கள் கண்டுபிடித்தால் அதே பாட்டில் சந்தேகப் பொருளாகிவிடும், பை முழுவதும் திறக்கப்படும்.

அதன் பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். ஊழியர் பாட்டிலைத் திறக்கச் சொல்லலாம். திறந்த வாய்க்கு மேலே ஒரு சோதனைத் தாளைப் பிடித்து ஆவியைச் சோதிப்பார். மருந்துக்குள் எதையும் விடமாட்டார். அல்லது பாட்டிலின் வெளிப்புறத்தையும் உங்கள் உள்ளங்கையையும் ஒரு துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைப்பார். கிருமிநீக்கம் செய்த மருந்து என்பதால் திறக்க விருப்பமில்லை, எக்ஸ்ரேயிலும் போட வேண்டாம் என்றால் அப்படிக் கேட்கலாம். கண்ணால் பார்த்துச் சோதிப்பார்கள். பதிலுக்கு உங்களை உடல் தடவிச் சோதிப்பதும் மற்ற சாமான்களை அலசுவதும் கூடுதலாக நடக்கும். இதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். உதவி வேண்டுமென்றால் டிஎஸ்ஏ கேர்ஸ் என்ற சேவையைப் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே அழைத்துச் சொல்லி வைக்கலாம். வயதானவர்கள், ஊசி மருந்தும் கருவியும் ஒருசேர வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

அந்தத் துணித்துண்டு இயந்திரம் தேடுவது வெடிபொருளின் தடயத்தை. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை கையில் எடுத்துவிட்டுப் போனால் அது அலறக்கூடும். கிளிசரின் கலந்த கைக் களிம்புகூடச் சில சமயம் அலாரம் எழுப்பும். அலாரம் அடித்தால் குற்றம் ஆகிவிடாது, இன்னொரு சுற்றுச் சோதனை, அவ்வளவுதான். மருந்தின் பெயரைச் சொல்லி லேபிளைக் காட்டினால் முடிந்துவிடும். இதே வகையில், தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் விமான நிலையத்திலும் எல்லையிலும் இருக்கும் கதிர்வீச்சுக் கருவிகளை வாரக்கணக்கில், சிலர் மூன்று மாதம் வரைகூட, அலறவிடலாம். சிகிச்சை கொடுத்த மருத்துவமனையில் மருந்தின் பெயரும் தேதியும் போட்ட அட்டை ஒன்று வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி தொலைவது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரியது சரக்கு அறையின் குளிர். இன்சுலின் உறைந்துவிட்டால் அது பயனற்றது. உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் குப்பையில்தான் போட வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ குப்பியோ பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். குளிரூட்டும் ஜெல் பையைக் கேபினுக்குள் கொண்டுபோகலாம். மருந்துக்காக என்றால் அது பாதி உருகியிருந்தாலும் டிஎஸ்ஏ விடும். ஆனால் குப்பியை அதன்மேல் நேரடியாக வைக்காதீர்கள், நடுவில் ஒரு துணி இருக்கட்டும். பயன்படுத்தாத ஊசிகள் இன்சுலினோடு சேர்ந்தே இருக்க வேண்டும்; மருந்தில்லாமல் ஊசி மட்டும் இருந்தால் கேள்வி வரும். பயன்படுத்திய ஊசிக்குக் கெட்டியான, குத்த முடியாத டப்பா.

இன்சுலின் பம்ப், தோலில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சார் வைத்திருந்தால் தயாரிப்பாளரின் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். சில கருவிகள் பைகளுக்கான எக்ஸ்ரேயிலும் முழு உடல் ஸ்கேனரிலும் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அப்படியென்றால் கைச்சோதனை கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஃபென்டனில் போன்ற வலிநிவாரணி ஒட்டுப்பட்டையும் உடல் ஸ்கேனர் திரையில் ஒரு கட்டமாகத் தெரியும். நிற்பதற்கு முன்பே "என் தோளில் மருந்துப் பட்டை இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கழற்ற வேண்டியதில்லை.

இன்னொரு சிறிய விஷயம், பலர் இடறுவது இதில்தான்: விமானம் நிறைந்துவிட்டால் கேட்டிலேயே உங்கள் கேபின் பையை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். அதனால் மருந்துகள் எல்லாம் தனியாக ஒரு சிறு பைக்குள் இருக்கட்டும், ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடும்படி. கருவிகளின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் அதே பையில் இருக்கட்டும், அவை சரக்கு அறைக்குப் போகவே கூடாது.

இனி கஞ்சா. இதில் நிறையத் தவறான தைரியம் உலவுகிறது.

டிஎஸ்ஏ ஊழியர்கள் கஞ்சாவைத் தேடுவதில்லை என்பது உண்மை. அவர்களே அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அதே பத்தியின் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை: சோதனையின்போது கண்ணில் பட்டால் காவல்துறையிடம் ஒப்படைப்பார்கள். ஒப்படைத்த பிறகு நடப்பது அந்த விமான நிலையம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 21 வயது நிறைந்தவர் 28.5 கிராம் வரை வைத்திருந்தால் விமான நிலையக் காவல்துறை கைது செய்வதில்லை. சிகாகோ ஓஹேரில் 2020 முதலும், லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் 2018 முதலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக என்றே பெட்டிகள் வைத்தார்கள். இவையெல்லாம் புறப்படும் இடத்தின் பெருந்தன்மை. மாநிலம் கொடுத்த அட்டை அமெரிக்க ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தாது. வான்வெளி ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இறங்கும் மாநிலமோ உங்கள் அட்டையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். கலிபோர்னியாவில் ஏறும்போது ஒன்றுமே நடக்காத அதே பொட்டலம், கஞ்சாவை அனுமதிக்காத மாநிலத்தில் இறங்கியதும் வழக்காக மாறும்.

அமெரிக்காவுக்குள் சட்டப்படி பறக்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்து மருந்துக் கடையில் மருந்துச் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்துகள்: வலிப்புக்கான எபிடியோலெக்ஸ் (2018இல் அங்கீகாரம் பெற்றது), வாந்திக்கும் பசியின்மைக்கும் கொடுக்கும் டிரோனாபினால், நாபிலோன். வலிக்காகக் கஞ்சா எடுத்துக்கொள்பவருக்கு இவை நேரடி மாற்று ஆகிவிடாது, ஆனால் டாக்டரிடம் பேசிப் பார்க்க வேண்டிய வழி. இரண்டாவது வகை, 2018 விவசாயச் சட்டத்தின்படி உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இல்லாத ஹெம்ப், அதாவது போதை குறைந்த கஞ்சாச் செடி வகையிலிருந்து செய்த பொருட்கள்.

அந்த 0.3 சதவீதம் கேட்பதற்குச் சின்ன எண். 4 கிராம் எடையுள்ள ஒரு கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம் டிஹெச்சி. நன்றாகவே போதை தரும் அளவு அது. இந்த ஓட்டை வழியாகத்தான் கடைகளில் ஹெம்ப் கம்மிகள் குவிந்தன. 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம் இதை அடைக்கிறது: ஒரு டப்பாவுக்கே மொத்தம் 0.4 மில்லிகிராம் டிஹெச்சிதான் வரம்பு, ஓராண்டு கழித்து நடைமுறை. ஆகவே "கடையில் பகிரங்கமாக விற்றார்களே" என்ற நியாயத்தை நம்பிப் பையில் போடாதீர்கள். சிபிடி (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள்) எண்ணெய் என்று எழுதிய பாட்டிலிலும் லேபிளில் சொல்லாத டிஹெச்சி இருப்பது அபூர்வம் அல்ல.

அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் கஞ்சாவால் வரும் இழப்பு அபராதத்தோடு முடிவதில்லை. குடியேற்றச் சட்டத்தின்படி, தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போதைப்பொருள் சட்டத்தை மீறியதற்கான செயலைச் செய்தேன் என்று அதிகாரியிடம் வாயால் ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவர் ஆக்கிவிட முடியும். "மாநிலத்தில் சட்டப்படிதான் வாங்கினேன், அட்டை இருக்கிறது பாருங்கள்" என்று நல்ல எண்ணத்தில் நீட்டும் அட்டையே அந்த ஒப்புதலாக மாறிவிடலாம். குடியுரிமை விண்ணப்பத்திலும், மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும் கஞ்சாத் தொடர்பு நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே அறிவித்தது. அதனால் இந்த நிலையில் இருப்பவர் கஞ்சாவையும், அந்த அட்டையையும், அதன் படங்கள் இருக்கும் செல்பேசிக் கோப்புகளையும் பயணத்தில் சேர்ப்பதற்கு முன்னால், அட்டையே எடுப்பதற்கும் முன்னால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட வேண்டும். கேள்வி கேட்டவர் ஏற்கெனவே அட்டை எடுத்துவிட்டார். அப்படியென்றால் இந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னாலேயே பேசிவிடட்டும். அதிகாரியிடம் பொய் சொல்வது தீர்வல்ல, அது தனிக் குற்றம்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். உள்நாட்டு விமானத்தில் 30 கிராம் வரை உலர் கஞ்சா கொண்டுபோகலாம். அங்கிருந்து அமெரிக்காவுக்கோ அமெரிக்காவிலிருந்து அங்கேயோ ஒரு கிராம்கூடக் கூடாது, இரு பக்கமும் சட்டபூர்வமான மாநிலமாக இருந்தாலும். மேலும், கனடாவின் பெரிய விமான நிலையங்களிலும் டப்ளின், அபுதாபியிலும் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அமெரிக்க எல்லை அதிகாரிகள் சோதனையை முடிக்கிறார்கள். அமெரிக்க எல்லை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது என்பதை நினைவில் வைக்கவும். தாய்லாந்து 2022இல் கஞ்சாத் தடையைத் தளர்த்தி, 2025 ஜூனில் மருந்துச் சீட்டு இல்லாமல் பூ வாங்க முடியாதபடி இறுக்கியது. அங்கே வாங்கியதை வெளியே எடுத்துவருவது எப்போதும் குற்றமாகவே இருந்துவந்திருக்கிறது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்துவிட்டு வந்தாலும் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது.

மருத்துவச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பிரிட்னி கிரைனர் வழக்கைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை. 2022 பிப்ரவரியில் மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ விமான நிலையத்தில் அவர் பையிலிருந்து வேப் கார்ட்ரிட்ஜ்கள் எடுக்கப்பட்டன. எண்ணெயின் அளவு 0.702 கிராம். அரிசோனாவில் வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த பரிந்துரை இருந்தது. தீர்ப்பு: 9 ஆண்டு சிறை. டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். ஒலிம்பிக் சாம்பியனுக்கு ஒரு அரசாங்கமே பேரம் பேசியது. சாதாரணப் பயணிக்கு அந்த வசதி இல்லை.

இப்போது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். என் பார்வையில் கஞ்சாவைவிட இங்கேதான் அப்பாவிகள் அதிகம் சிக்குகிறார்கள், ஏனென்றால் இவை வீட்டு அலமாரியில் சாதாரணமாகக் கிடப்பவை. டிராமடாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண் 290 டிராமடால் மாத்திரைகளோடு எகிப்தின் ஹுர்கடா விமான நிலையத்தில் பிடிபட்டார். கணவருக்கு முதுகுவலி, அதற்காகக் கொண்டுவந்தேன் என்றார். மாத்திரை அவர் பெயரில் இல்லை, அளவோ அதிகம். 3 ஆண்டுச் சிறை. டோக்கியோவில் 2015இல் டொயோட்டாவின் உயர் அதிகாரி ஜூலி ஹாம்ப் கைதானது 57 ஆக்சிகோடோன் மாத்திரைகளுக்காக. அவை பார்சலில் வந்தன. வழக்குத் தொடரப்படவில்லை, ஆனால் வேலை போயிற்று. கையில் கொண்டுபோகப் பயந்து தபாலில் அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

உங்கள் வழியில் துபாய் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிராமடால், கோடீன், ப்ரீகாபலின் மூன்றும் கட்டுப்படுத்தப்பட்டவை. புறப்படுவதற்கு முன்பே அரசின் இணையதளத்தில் மருந்துச் சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் ஏற்றி அனுமதி வாங்க வேண்டும். இந்த வகை மருந்து 30 நாளுக்கான அளவுதான். கட்டுப்பாடு இல்லாத மருந்துகள் 3 மாதம் வரை. விமானம் மாறுவதற்கு மட்டும்தானே இறங்குகிறேன், இமிக்ரேஷனுக்கே போகப் போவதில்லையே என்று அனுமதி வாங்காமல் இருக்காதீர்கள். அடுத்த விமானம் ரத்தாகி ஓட்டலுக்கு அனுப்பினால், அந்த நிமிடமே நீங்கள் மருந்தோடு அந்த நாட்டுக்குள் நுழைபவர் ஆகிவிடுகிறீர்கள். அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும்.

ஜப்பான் தனி உலகம். கவனக்குறைவுக் கோளாறுக்கு அமெரிக்காவில் சர்வசாதாரணமாக எழுதும் அட்டரால், அதாவது ஆம்ஃபெட்டமின், அங்கே எந்தச் சீட்டு இருந்தாலும் முழுத் தடை. சாதாரணச் சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் தடைதான். மார்ஃபின், ஆக்சிகோடோன் போன்றவற்றுக்குப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம் குறைந்தது 14 நாள் முன்னதாக விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கலாம். மற்ற சீட்டு மருந்துகள் ஒரு மாத அளவைத் தாண்டினால் தனிச் சான்றிதழ் வேண்டும். குழந்தைக்கு அட்டரால் கொடுப்பவர்கள் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசித் தொடங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் புது மருந்துக்கு மாற்றுவது குழந்தைக்குத் தண்டனை.

சிங்கப்பூர் சில மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்கிறது, எதுவானாலும் 3 மாத அளவுக்கு மேல் கூடாது. பிரிட்டனில் 3 மாதத்துக்குக் குறைவான அளவென்றால் டாக்டர் கடிதம் போதும், 3 மாதமோ அதற்கு மேலோ என்றால் உரிமம் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் வசிப்பவர்கள் தங்களுக்குள் பயணிக்க, டாக்டர் நிரப்பி அதிகாரி சான்றளிக்கும் ஒரு படிவம் இருக்கிறது. 30 நாள் வரை செல்லும், ஒவ்வொரு மருந்துக்கும் தனிப் படிவம். இந்தியாவில் டிராமடால் 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, அதனால் அங்கும் சீட்டு இல்லாமல் கையில் வைத்திருக்காதீர்கள். எல்லா நாட்டு விதிகளையும் ஓரிடத்தில் பார்க்க, ஐநா அமைப்பின் அங்கமான சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பயணிகளுக்கான பக்கம் உண்டு. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, போகும் நாட்டுத் தூதரகத்தில் உறுதிசெய்து, வந்த மின்னஞ்சல் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரின் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? "இவர் என் நோயாளி, மருந்து சாப்பிடுகிறார்" என்ற இரண்டு வரிக் கடிதத்தால் பயனில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். நோயின் பெயர். ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயர், வடிவம், வீரியம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை கொண்டுபோகிறார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. டாக்டரின் பதிவு எண், தொலைபேசி, கையொப்பம், முத்திரை, தேதி. கடிதம் பயணத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

மூலப்பெயரை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மருந்துக்கு ஊருக்கு ஒரு பெயர்: பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சால்ப்யூட்டமால் அங்கே அல்ப்யூட்டரால். அதைவிட ஆபத்து, ஒரே வணிகப் பெயரில் வேறு மருந்து இருப்பது. ஃப்ளோமாக்ஸ் என்றால் அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், இத்தாலியில் அதே பெயரில் வீக்கத்துக்கான மருந்து விற்கப்பட்டது. மருந்து தொலைந்து அங்கே புதிதாக வாங்க வேண்டி வந்தால் வணிகப் பெயர் உங்களைக் கவிழ்த்துவிடும்.

எண்ணிக்கை பொருந்த வேண்டும், இதில்தான் கஸ்டம்ஸ் அதிகாரியின் கண் முதலில் போகும். நாளைக்கு 2 வீதம் 18 நாள் பயணம் என்றால் 36 மாத்திரை. விமானம் தாமதமானால் என்று ஐந்து நாளுக்கு 10 சேர்த்தால் 46. கடிதத்திலும் 46, பையிலும் 46. கடிதத்தில் 46 என்று இருந்து கையில் 120 இருந்தால் மீதி யாருக்கு என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. 30 நாள் வரம்பு உள்ள நாட்டுக்கு உபரியும் அந்த 30 நாளுக்குள்ளேயே அடங்க வேண்டும். பயணம் அதைவிட நீண்டதென்றால் அங்குள்ள டாக்டரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் போய்விடாமல் பாருங்கள். வெறும் பளபளப்புத் தகடாக மிஞ்சிய துண்டு எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க மருந்துக் கடையில், பெயர் லேபிள் ஒட்டிய சின்ன டப்பா ஒன்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். வாரப் பெட்டிதான் வசதி என்றால் அதை இறங்கிய பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தவர் மருந்தை, அது அம்மாவுடையதாகவே இருந்தாலும், கட்டுப்படுத்தப்பட்ட வகையென்றால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவரோடு சேர்ந்து பயணித்தால் மருந்தும் கடிதமும் அவர் பையிலேயே இருக்கட்டும்.

அமெரிக்காவுக்குத் திரும்பும்போது சுங்கப் படிவத்திலோ வாய்மொழியாகவோ கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இருப்பதைச் சொல்ல வேண்டும். அது வாங்கிய அசல் டப்பாவிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே ஒன்றிய விதி, டிஎஸ்ஏ போலப் பரிந்துரை அல்ல. பொதுவாக எந்த மருந்தும் 90 நாள் அளவுக்குள் இருக்கட்டும்.

விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான் பையின் ஓரத்தில் கம்மி டப்பா கிடப்பது தெரிகிறது என்றால், சோதனை வரிசையில் சேர்வதற்கு முன் திரும்பிவிடுங்கள். கஞ்சாவைப் போட்டுவிட்டுப் போக வைத்த பெட்டி அங்கே இருந்தால் அதில் போடலாம், இல்லையென்றால் வந்த வண்டியிலேயே கொடுத்தனுப்பலாம். வரிசையில் நின்று கைமாற்றுவதோ, கழிவறையில் வைத்துவிட்டு வருவதோ வேண்டாம், எல்லாம் கேமராவில் இருக்கும். ஏற்கெனவே வெளிநாட்டில் இறங்கிவிட்டீர்கள், பையில் அனுமதி வாங்காத மருந்து இருக்கிறது என்றால், கஸ்டம்ஸில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்காமல், அறிவிக்க இருப்பவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் நீங்களாகச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுத்தால் மருந்து போவதோடு முடிய வாய்ப்பு அதிகம்; மறைத்துப் பிடிபட்டால் கடத்தல் என்ற சொல் வந்துவிடும்.

நிறுத்தி விசாரித்தால் மருந்து, கடிதம், சீட்டு மூன்றையும் மேஜைமேல் வைத்து, கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள். தெரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். காவலில் வைத்தால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோரும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். தூதரகத்தின் அவசர எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் செருகி வையுங்கள், முதலில் வாங்கி வைத்துக்கொள்வது செல்பேசியைத்தான்.